ஒண்டிக்கட்டைக்குத் துணை தேடிய முள்ளெண்ணியார்

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, அவருக்கு முன்பு அதே நாற்காலியில் அமர்ந்து எங்களைப் படாதபாடு படுத்திவிட்டு இன்று வெகு சாதுவாக உட்கார்ந்திருக்கும் முன்னாள் இயக்குநர் அவர்களே, கீழ்த்தளத்திலிருந்து ஏறி வந்திருக்கும் மீன் பிரிவுத் தோழர்களே, முதல் வரிசையில் இருக்கும், நம் மூத்த ஆய்வாளரின் துணைவியாரான என் அன்புக்குரிய அக்கா அவர்களே, கதவோரம் நிற்பவர்களே, உள்ளே வாருங்கள், நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, அனைவருக்கும் கனத்த மனதோடு என் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாரும் மறைந்த நம் மூத்த ஆய்வாளரை 'ஆழ்கடலின் அரசர்' என்றார்கள். 'அலைகளோடு போராடிய மாவீரர்' என்றும் ஒருவர் சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். யார் போராடினார்? எந்த அலையோடு போராடினார்? கணுக்கால் நனையும் அளவுக்கு மேல் அந்த மனிதர் கடலில் இறங்கியதே இல்லை. கப்பலில் போய்வரச் சொன்னபோதெல்லாம் காது வலி என்று சொல்லித் தப்பித்தவர். அவர் கண்ட ஆழ்கடல் முழுவதும் பாட்டிலுக்குள் இருந்தது.

ஆனால் அந்தப் பாட்டிலுக்குள் அவர் பார்த்த அளவுக்கு யார் பார்த்தார்கள்? அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். சொல்ல எனக்குத்தான் உரிமை இருக்கிறது. ஏனென்றால் இந்தக் கட்டடத்தின் கடைசி மாடியில், ஓட்டுடலிப் பிரிவில், அவருடைய மேசைக்கு எதிர்மேசை என்னுடையது. ஓட்டுடலி என்றால் என்ன என்று குடும்பத்தார் சிலர் விழிக்கிறார்கள். இறால், நண்டு, அவற்றின் சொந்தபந்தங்கள், அவ்வளவுதான். இரண்டு மேசைக்கும் நடுவில் சக்கரம் வைத்த தள்ளுமேசை. அதன்மேல் ஒரே ஒரு நுண்ணோக்கி. அவர் தன் பக்கம் இழுப்பார், நான் என் பக்கம் இழுப்பேன். எங்கள் இருவருடைய ஆராய்ச்சி வாழ்க்கையில் பாதி அந்தத் தள்ளுமேசையை இழுப்பதிலேயே கழிந்தது.

அவரை ஏன் முள்ளெண்ணியார் என்று அழைத்தோம்? முள்ளை எண்ணுவதுதான் அவருக்கு மூச்சு! ஒரு நண்டோ இறாலோ வந்தால் நீங்களும் நானும் என்ன பார்ப்போம்? நிறம் பார்ப்போம், அளவு பார்ப்போம். அவர் அதெல்லாம் பார்க்க மாட்டார். நிறம் பாட்டிலில் பதப்படுத்தும் ஸ்பிரிட்டில் ஊறினால் போய்விடும், அளவு வயதானால் மாறிவிடும், முள் மட்டும்தான் பொய் சொல்லாது என்பார். நெற்றியில் எத்தனை முள், முதுகோட்டின் ஓரத்தில் எத்தனை, கண்காம்பின்மேல் ஒன்று உண்டா இல்லையா, காலின் கடைசிக் கணுவில் வரிசையாகப் பல் உண்டா, அந்தப் பல் நுனிக்குப் போகப் போகப் பெருக்கிறதா சிறுக்கிறதா! இத்தனையும் பார்த்து முடிக்கும்வரை அதற்கு அவர் பெயர் சொல்ல மாட்டார். கீழே உணவகத்தில் தட்டில் இறால் வந்தாலும் இதே கதைதான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வாயருகே கொண்டுபோனதைத் தடுத்து, "ஒரு நிமிஷம் இருங்க, இது என்னன்னு பார்த்துடுவோம்" என்பார். பார்த்து முடிப்பதற்குள் அது ஆறிப்போகும், பசியும் போய்விடும். அதற்குப் பிறகு அவரோடு ஒரே மேசையில் உட்கார ஆளே கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கால்நுனியில் இருக்கும் பல்வரிசை மிக மிக நுட்பமானது. விளக்கு வெளிச்சம் சரியாக விழாவிட்டால் நுண்ணோக்கியிலேயே ஏமாற்றும். அதற்கு அவரிடம் ஒரு வித்தை இருந்தது. ஒரு தலைமுடியை எடுத்து அந்தக் கணுவின் உள்விளிம்பில் மெல்ல இழுப்பார். பல் இருந்தால் முடி மாட்டும். இல்லாவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும். எவ்வளவு அருமையான வித்தை! ஆனால் முடி யாருடையது? அவருக்கோ தலை பளபளவென்று கண்ணாடி மாதிரி. ஆகவே எதிர்மேசைப் பக்கம் கையை நீட்டுவார். வாய் திறந்து கேட்கமாட்டார், நிமிர்ந்தும் பார்க்கமாட்டார், கை மட்டும் வரும். நான் ஒரு முடியைப் பிடுங்கி அந்தக் கையில் வைக்க வேண்டும். வீட்டிலும் இப்படித்தான் என்று அக்கா சொல்வார். சந்தையிலிருந்து எது வாங்கி வந்தாலும் சமையலறை வாசலில் அந்தக் கை நீளுமாம். என் தலை இன்று இருக்கும் நிலைக்கு வயதுதான் காரணம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள்.

அன்பர்களே, இப்பேர்ப்பட்ட மனிதர் தன் பணிக்காலத்தில் எத்தனை புதிய உயிர்களுக்குப் பெயர் வைத்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? மலைபோல் குவித்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? ஒன்றே ஒன்றுதான். அதையும் அவரே அழித்துவிட்டார்.

அந்தக் கதை புதியவர்களுக்குத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருக்கு ஓர் இறால் கிடைத்தது. ஒன்றே ஒன்று. அகன்ற வயிறு, குட்டைக் கொடுக்கு. எந்தப் புத்தகத்திலும் இல்லாத உருவம். துள்ளிக் குதித்தார், பெயர் வைத்தார், அச்சிட்டார், வீட்டுக்குப் பலகாரம் வாங்கிப் போனார். சில வருடம் கழித்து வலையில் ஒரு ஜோடி வந்தது. கட்டிப்பிடித்த நிலையிலேயே ஸ்பிரிட்டில் விழுந்த ஜோடி. ஒன்று அவர் பெயர் வைத்த இறால். அதைக் கட்டிப்பிடித்திருந்தது, வேறொருவர் எப்போதோ பெயர் வைத்துவிட்டுப் போன நீளக் கொடுக்கு இறால். கணவனுக்கும் மனைவிக்கும் ஆளுக்கொரு குலப்பெயர் கொடுத்துப் பிரித்துவைத்திருந்தார் நம் முள்ளெண்ணியார்! வேறொருவராக இருந்தால் அந்தப் பாட்டிலை அலமாரியின் பின்வரிசைக்குத் தள்ளியிருப்பார். இவர் என்ன செய்தார்? தானே எழுதினார், தானே அச்சிட்டார்: நான் வைத்த பெயர் தவறு, இவர்கள் தம்பதிகள், என் பெயரை நீக்கிவிடுங்கள். கீழ்த்தளத்து மீன் பிரிவுக்காரர்கள் அவரைக் கல்யாணத் தரகர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இதோ, இப்போதும் சிரிக்கிறார்கள் பாருங்கள்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரு சட்டம். ஒன்றை வைத்துப் பெயர் வைக்கக் கூடாது. இரண்டாவது கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஆணும் பெண்ணும் கிடைத்தால் இன்னும் உத்தமம். அதோடு இன்னொரு சட்டமும் சேர்ந்துகொண்டது. பெயர் என்றால் அது அந்த உயிர் எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும், மனிதர்கள் பெயரைக் கொண்டுபோய் நண்டுக்கு வைக்கக் கூடாது. ஒருமுறை பெரிய பதவியில் இருந்த ஒருவர் இங்கே வந்து, புதிதாக ஏதாவது கிடைத்தால் என் பெயரை வையுங்களேன் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். முள்ளெண்ணியார் சிரிக்கவில்லை. "உங்க முதுகில முள் இருக்கா?" என்று கேட்டார். முன்னாள் இயக்குநர் அவர்களே, அன்று அவர் பக்கத்தில் நின்ற உங்கள் முகத்தில் ஈயாடவில்லை, நான் பார்த்தேன்.

இந்தச் சட்டங்களோடு அவர் உட்கார்ந்திருந்த வேளையில்தான் ஒண்டிக்கட்டை வந்தாள்.

ஒண்டிக்கட்டை யார்? கடலின் அடியில், வெயிலே எட்டாத ஆழத்தில், உலோகக் கட்டிகள் பரந்து கிடக்கும் ஒரு சமவெளி இருக்கிறது. அங்கே ஆய்வுக் கப்பல் ஒன்று வலை இழுத்தபோது சேற்றோடு மேலே வந்தவள். என் கட்டைவிரல் நீளம். நண்டைப் போலக் கொடுக்கு, அதுவும் உடம்பைவிட நீளமான கொடுக்கு. இறாலைப் போல வால், அதை வயிற்றுக்கடியில் மடித்து உட்கார்ந்த தோரணை. வெளுத்த உடம்பு. கண் இருக்க வேண்டிய இடத்தில் கருப்பே இல்லாத இரண்டு குமிழ், ஒவ்வொரு குமிழுக்கும் மேலே ஒரு முள். நெற்றியில் சூலம் போல மூன்று முள். கால்நுனிகளில் சீப்பு மாதிரி பல்வரிசை, நுனிக்குப் போகப் போகப் பெருத்துக்கொண்டே போகிற வரிசை. வலது பக்கம் ஒரு காலைக் காணோம். மொத்தத்தில் ஒரே ஒருத்தி. பாட்டிலில் ஒட்ட ஒரு பெயர் வேண்டுமே என்று நான் ஒண்டிக்கட்டை என்று எழுதி ஒட்டினேன். அதுவே நிலைத்துவிட்டது.

எங்கள் தொழிலில் ஓர் உயிரை இனங்காண்பது கேள்வி கேட்டுக் கேட்டு நடப்பதுதான். நெற்றி முள் ஒன்றா மூன்றா? ஒன்று என்றால் இந்தப் பக்கம் போ, மூன்று என்றால் அந்தப் பக்கம் போ. கண் அசையுமா அசையாதா? கொடுக்கின் நுனி கரண்டி மாதிரியா கத்தரி மாதிரியா? இப்படி ஒவ்வொரு முனையிலும் திரும்பித் திரும்பிப் போனால் கடைசியில் ஒரு பெயர்ப்பலகை இருக்கும். ஒண்டிக்கட்டையைக் கூட்டிக்கொண்டு முள்ளெண்ணியார் அந்தப் பாதையில் எத்தனை முறை போயிருப்பார்! ஒவ்வொரு முறையும் கடைசிக் கேள்வியில் முட்டிக்கொண்டு நின்றார். கால்நுனிப் பல் பாதியிலேயே நின்றுவிடுகிறதா என்று புத்தகம் கேட்கும். இல்லை. நுனியை நோக்கிச் சிறுக்கிறதா என்று கேட்கும். அதுவும் இல்லை. அதற்குமேல் பாதையே கிடையாது. எந்தப் புத்தகத்திலும் இல்லாதவள் அவள். இதுவரை யாரும் பெயர் வைக்காதவள் என்று எனக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்தது.

எழுதுங்கள் சார் என்றேன். மாட்டேன் என்றார். ஏன் சார் என்றேன். கொடுக்கையும் சேர்த்து எண்ணினால் மூன்றாவதாக வரும் நடுக்கால், அதன் அடியில் முட்டைத் துவாரம் இருக்கிறது, ஆகவே இது பெண் என்றார். பெண்ணாக இருந்தால் என்ன என்றேன்.

"இது யாரோட பொண்டாட்டியோ, யாருக்குத் தெரியும்?" என்றார்.

சூடுபட்டவர் அல்லவா! யாரோ ஒருவன் எப்போதோ பெயர் வைத்துவிட்டுப் போன ஆணுக்கு இவள் மனைவியாக இருந்துவிட்டால்? இரண்டாவது வரட்டும் என்றார். வரும் என்றார். ஒற்றைக்காலில் நின்றார். பத்துப் பன்னிரண்டு வருடம் அப்படியே நின்றார்.

நான் சும்மா இருந்தேனா? சண்டை போட்டேன். தினமும் சண்டை. அந்தச் சமவெளியைச் சுரண்டி உலோகக் கட்டி எடுக்கப் பெரிய பெரிய ஆட்கள் மனுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அனுமதி கொடுக்கும் முன்பு, அங்கே என்னென்ன உயிர் இருக்கிறது என்று எங்களைக் கேட்பார்கள். பெயர் இருப்பதைத்தான் எழுத முடியும். பெயரில்லாதவளை என்னவென்று எழுதுவது? கட்டைவிரல் நீளத்தில் ஏதோ ஒன்று, கால் ஒன்று குறைவு என்றா? பெயர் இல்லாவிட்டால் அவள் அங்கே இல்லை என்றுதான் அர்த்தம் சார், தப்பாக இருந்தால் பின்னால் வருகிறவன் திருத்திக்கொள்வான், பெயரே இல்லாததை எவன் திருத்துவான் என்று கத்தினேன். ஒரு நாள் கோபத்தில் நுண்ணோக்கியை என் பக்கம் இழுத்து மூடிபோட்டுப் பூட்டிவிட்டேன். அவர் கைலென்சை எடுத்துக்கொண்டு சன்னலோரம் போய் உட்கார்ந்து, ஒண்டிக்கட்டையின் முள்ளை மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார். அந்த மனிதரை என்ன செய்வது, சொல்லுங்கள்.

இப்படியே ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற மறுநாளும் அதே நேரத்துக்கு வந்து எதிர்மேசையில் உட்கார்ந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஸ்பிரிட் வாடையோடுதான் மாலையில் வீடு திரும்புவார். வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொடாத மனிதரைத் தெருவே பெருங்குடிகாரர் என்று நம்பியது என்று அக்கா சொல்லிச் சொல்லி அங்கலாய்ப்பார். பாவம், நல்ல மனுஷி, இந்த ஆளிடம் மாட்டிக்கொண்டாளே என்று அண்டைவீட்டார் ஆறுதல் சொல்வார்களாம்.

பிறகு நோய் வந்தது. நுரையீரல் என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், மூக்கில் குழாய் வைத்தார்கள். வீடு திரும்புவது கஷ்டம் என்று மருத்துவர் அக்காவிடம் சொல்லிவிட்டார். நான் பார்க்கப் போனபோதெல்லாம் அவர் ஒரே கேள்விதான் கேட்டார். கப்பல் வந்துவிட்டதா? அந்தப் பக்கம் போயிருந்த கப்பல் வந்துவிட்டதா? இன்னும் இல்லை சார் என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெறுத்துப்போனது.

கப்பல் வந்தது, நண்பர்களே. ஒரு வாளிச் சேற்றைக் கொண்டுவந்து இறக்கினார்கள். நான் சல்லடையில் போட்டு அலசினேன். வெளுத்த உடம்பு, நீளக் கொடுக்கு, குமிழ்க் கண், கண்ணுக்கு மேல் முள், நெற்றியில் சூலம்! சத்தம் போட்டேன், பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்தார்கள். இரண்டாவது கிடைத்துவிட்டது, இத்தனை வருடக் காத்திருப்பு வீண்போகவில்லை என்று மீன் பிரிவுக்காரர்கள்கூட என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அப்புறம் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். கால்நுனியைப் பார்த்தேன். பல் இல்லை. ஒரு பல்கூட இல்லை. வழவழவென்று மொழுமொழுவென்று இருந்தது.

எப்படி இருந்திருக்கும் எனக்கு? அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போய், அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் அக்காவைப் பிடித்து நடந்ததைச் சொன்னேன். அக்கா என் கையைப் பிடித்தார்.

"அதேன்னு சொல்லிடுவோம். போற நேரத்துல அவருக்கு அந்த நிம்மதியாவது இருக்கட்டும்" என்றார்.

அவரிடமா, அக்கா? முள்ளெண்ணியாரிடமா? நான் தயங்கினேன். அக்காவோ திட்டமே போட்டுவிட்டார். தூக்கிக் காட்டுவோம், நெற்றியைப் பார்ப்பார், கொடுக்கைப் பார்ப்பார், அவருக்குக் கண் பார்வையும் முன்போல் இல்லை, அத்தோடு விட்டுவிடுவார். பல் எங்கே என்று கேட்டால் இது ஆண், ஆணுக்குப் பல் இருக்காது என்று சொல்லிவிடலாம். இத்தனை வருடம் அந்த மனிதரோடு குடும்பம் நடத்தியதில் அக்காவும் பாதி ஓட்டுடலி நிபுணர் ஆகியிருந்தார்.

மறுநாள் புதிதாக வந்ததைப் பாட்டிலில் போட்டு, பாட்டிலை என் சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்து எடுத்துப் போனேன். வாசலில் செவிலியர் மறித்தார். டப்பாவைத் திறக்கச் சொன்னார், எட்டிப் பார்த்தார். நோயாளிக்கு இறால் ஆகவே ஆகாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இது சாப்பிடுகிற இறால் இல்லை சிஸ்டர் என்றேன். பின்னே எதற்கு என்றார். பார்க்க மட்டும் என்றேன். என்னையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பாவப்பட்டு உள்ளே விட்டார்.

அக்காதான் பேசினார். நான் திருட்டு முழி முழித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"ஏங்க, ஒண்டிக்கட்டைக்கு மாப்பிள்ளை வந்தாச்சு" என்றார் அக்கா.

படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்! மருத்துவர்களால் முடியாததை அந்த ஒரு வார்த்தை செய்தது. தலையணைக்கு அடியிலிருந்து கைலென்ஸ் வந்தது. ஆஸ்பத்திரிக்கு வரும்போது மாற்று உடை எடுத்துவர மறந்தவர் லென்சை மறக்கவில்லை. பாட்டிலைத் திறந்து, சாப்பாட்டுத் தட்டில் அதை வைத்தோம். நெற்றியைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. கண்ணைப் பார்த்தார், இன்னும் மலர்ந்தது. அக்கா என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அப்போது கை நீண்டது. நிமிராமல், பேசாமல், கை மட்டும் பக்கவாட்டில் நீண்டது.

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாதவளைப் போல மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தேன். ஆனால் அக்கா! எந்தப் பொய்யைத் தானே யோசித்து, தானே திட்டம்போட்டு, தானே ஆரம்பித்துவைத்தாரோ, அந்தப் பொய்யை மறந்து, இத்தனை வருடப் பழக்கத்தில் தன் தலையிலிருந்து ஒரு முடியைச் சட்டென்று பிடுங்கி அந்தக் கையில் வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் தன் கையைத் தானே பார்த்து விழித்தார்.

முள்ளெண்ணியார் முடியை விளிம்பில் வைத்து மெல்ல இழுத்தார். வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி இழுத்தார். மறுபடியும் வழுக்கியது.

"ஆம்பளைக்குப் பல் இருக்காது போல" என்றார் அக்கா.

அவர் தட்டில் கிடந்ததைப் புரட்டிப் போட்டார். கால்களின் அடியை லென்சில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஆணாக இருந்தால் கடைசிக் காலின் அடியில் துவாரம் இருக்க வேண்டும். இருந்தது நடுக்காலின் அடியில்.

"மாப்பிள்ளை இல்லடி. இதுவும் பொண்ணு" என்றார்.

இரண்டும் பெண். ஒருத்திக்குப் பல், ஒருத்திக்கு இல்லை. ஆகவே இவள் அவளுடைய இனமில்லை. கேள்விப் பாதையில் பல்லே இல்லாத காலுக்கும் பெயர்ப்பலகை கிடையாது. இவளும் எந்தப் புத்தகத்திலும் இல்லாதவள். ஒண்டிக்கட்டைக்குத் துணை கிடைத்தது என்று போனோம். இன்னொரு ஒண்டிக்கட்டையைக் கொண்டுபோய் அவர் மடியில் போட்டுவிட்டு நின்றோம்.

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். பார்த்தால், அந்த மனிதர் சிரிக்கிறார்! மூக்கில் குழாயோடு, மூச்சு வாங்க வாங்க, தோள் குலுங்கச் சிரிக்கிறார். ஒன்றுக்குத் துணை தேடினால் கடல் இன்னொன்றைக் கொடுக்கிறதே, அங்கே இன்னும் எத்தனை பேர் பெயரில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்களோ, ஒவ்வொருத்திக்கும் ஜோடி வரும்வரை காத்திருந்தால் காத்திருக்க நாம் இருக்க மாட்டோமே என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, ரெண்டையும் எழுதிடு. தப்பா இருந்தா பின்னால வர்றவன் திருத்திக்குவான். பேரே இல்லாததை எவன் திருத்துவான்?"

அன்பர்களே, நான் எந்த வார்த்தைகளைப் பத்து வருடத்துக்கு மேல் தொண்டை கிழியக் கத்தினேனோ, அதே வார்த்தைகளைத் தானே அன்று புதிதாகக் கண்டுபிடித்தவரைப் போல என்னிடமே எடுத்துச் சொன்னார்! சாகக்கிடக்கும் மனிதரோடு சண்டை போடக் கூடாது என்பதால் சரி சார் என்றேன். இன்றுவரை எனக்கு அந்த வயிற்றெரிச்சல் தீரவில்லை.

அடுத்த வாரம் போய்விட்டார்.

போய்விட்டார் என்று சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. தள்ளுமேசை இப்போது என் பக்கமே நிற்கிறது. இழுக்க ஆளில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு நாளைக்குப் பலமுறை நானே அதை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு வருகிறேன்.

இயக்குநர் அவர்கள் கையில் ஒரு தீர்மானம் வைத்திருக்கிறார். முதல் ஒண்டிக்கட்டைக்கு நம் மூத்த ஆய்வாளரின் பெயரையே சூட்ட வேண்டும் என்ற தீர்மானம். நல்லெண்ணத்தோடு எழுதியது, மறுக்கவில்லை. ஆனால் ஐயா, அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மனிதர் பெயரை நண்டுக்கு வைக்காதே என்று வாழ்நாளெல்லாம் சொன்ன மனிதருக்கு நாம் செய்கிற மரியாதை அதையே அவருக்குச் செய்வதா? அவளுக்குச் சீப்புக்கால் என்று பொருள்படும் பெயரை எழுதி அனுப்பிவிட்டேன். யார் எங்கே அவளைக் கண்டாலும் பெயரைக் கேட்டதுமே காலைப் பார்ப்பார்கள். பெயர் வைத்தவர்கள் என்ற இடத்தில் அவர் பெயர் முதலில், என் பெயர் பின்னால். தவறாக இருந்தால் முதலில் அவரைத்தான் கேட்க வேண்டும்.

இனி நாம் என்ன செய்யப்போகிறோம்? கண்ணீர் விட்டுவிட்டுக் கலைந்துவிடுவோமா? மாட்டோம்! சமவெளியில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு பெயரையும் சொல்வோம். சுரண்டும் முன்பு இவர்களைக் கேட்டீர்களா என்று கேட்போம். இரண்டு பெண்கள் நம் பொறுப்பில் இருக்கிறார்கள், அவர்களுடைய ஆண்களை இன்னும் யாரும் பார்த்ததில்லை. அவர்களையும் கண்டுபிடிப்போம். அடுத்த கப்பலில் நானே போகிறேன். ஆற்றைக் கடக்கும் படகிலேயே வாந்தி எடுப்பவள் நான். இருந்தாலும் போகிறேன். என் பயண அனுமதிக் கடிதம் இயக்குநர் அவர்களின் மேசையில் வெகுநாளாகத் தூங்குகிறது. இத்தனை பேர் முன்னால் முடியாது என்று சொல்லுங்கள் ஐயா, பார்ப்போம். தலையை ஆட்டுகிறார். எல்லாரும் பார்த்துக்கொண்டீர்கள் அல்லவா? நன்றி ஐயா.

கடைசியாக ஒன்று. அக்கா, இது உங்களுக்கு. உங்களிடம் தனியாகச் சொல்லியிருக்க வேண்டியது. சொல்லாதே, அச்சில் வரும்போது அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று அவர் சொன்னார். எனக்கு வாய் நிற்காது, அது ஊருக்கே தெரியும்.

அன்று நீங்கள் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனீர்களே, நேற்றுக்கூட என்னிடம் கேட்டீர்களே, பொய் சொன்னதற்கு அவர் மனதில் வருத்தம் இருந்திருக்குமோ என்று. நேற்று நான் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றிவிட்டேன். நீங்கள் வெளியே போனதும் அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார், அக்கா. இரண்டாவதாக வந்த வழவழக்காலிக்கு என்ன பெயர் சார், வழவழக்கால் என்றே வைத்துவிடலாமா என்று நான் கேட்டேன். வேண்டாம் என்றார். அவருடைய சட்டத்தை அவரே மீறுகிறார் என்று எனக்கு முதலில் புரியவே இல்லை.

"இத்தனை வருஷத்துல எனக்காக ஒரே ஒரு பொய் சொல்லியிருக்கா. அதையும் நானே கெடுத்துட்டேன். இதுக்கு அவ பேரை வை" என்றார்.

வைத்துவிட்டேன், அக்கா.